துறைமுகத்தோரத்துக் கால் மைல்

லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தின் தென்கோடியிலே, துறைமுகத்தை ஒட்டி, வில்மிங்டன் என்னும் பகுதி அமைந்துள்ளது. எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளும், புகையிரதத் தண்டவாளங்களும், கப்பல்களிலிருந்து இறங்கிய இரும்புக் கொள்கலன்களும் நிறைந்த நிலம் அது. இயற்கை எழிலை நாடுவோர் அப்பக்கம் தலைவைப்பதில்லை. ஆயினும், 1955 ஆம் ஆண்டு தொடக்கம் 1972 ஆம் ஆண்டு வரை, வார இறுதிதோறும் பெருந்திரளான மக்கள் அந்நிலத்தைத் தேடிச் சென்றனர். அவர்களை அங்கு ஈர்த்தது ஒரு தார்ப் பாதை. அது எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைக்கவில்லை. நேராகச் சென்றது, முடிந்தது. லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப் என்பது அதன் பெயர்.

டிராக் பந்தயம் என்று அமெரிக்கர் வழங்கும் விளையாட்டு, விதிகளைப் பொறுத்தமட்டில் மிக எளியது. இரண்டு மோட்டார் வண்டிகள் அருகருகே அசையாமல் நிற்கும். சைகை கிடைத்ததும் இரண்டும் புறப்பட்டு நேர்கோட்டில் ஓடும். கால் மைலுக்கு அப்பாலுள்ள கோட்டை முதலிற் கடந்தது வென்றது. வளைவுகள் இல்லை, சுற்றுக்கள் இல்லை, தோற்றவர் அன்றைய ஆட்டத்திலிருந்து விலக, வென்றவர் அடுத்தவரோடு மோதுவார். யாழ்ப்பாணத்து வண்டிச் சவாரியைக் கண்டவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. வெகு நாள் வளர்த்த மாடுகளின் பெருமை சில கணங்களில் தீர்மானிக்கப்படுவது போலவே, மாதக்கணக்கில் இரவிரவாக முடுக்கிய எஞ்சினின் மதிப்பும் அங்கே சில வினாடிகளில் தெரிந்துவிடும். 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் அந்தக் கால் மைலைக் கடக்கப் பத்து வினாடிக்கு மேற் சென்றது. லயன்ஸ் பாதை மூடப்பட்டபோது ஆறு வினாடியை அண்மித்த வண்டிகள் இருந்தன. பதினேழு ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த நான்கு வினாடி மாற்றத்துக்குள் பல மனிதரின் வாழ்வு அடங்கியிருக்கிறது.

இவ்விளையாட்டு பாலைநிலத்திலே பிறந்தது. கலிபோர்னியாவின் உட்பகுதியில் நீர் வற்றிய ஏரிகள் பல உள. கோடையில் அவற்றின் தரை இறுகிக் களம் போலாகும். மூரொக், எல் மிராஜ் ஆகிய ஏரித் தரைகளில், இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே இளைஞர்கள் தம் வண்டிகளின் உச்ச வேகத்தை அளந்து பார்த்தனர். இவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஹென்றி போர்ட் மலிவாக விற்ற வண்டிகள் பழசாகி இன்னும் மலிவாகிவிட்ட காலம் அது. 1932 ஆம் ஆண்டு போர்ட் நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட எஞ்சினைச் சாதாரண மக்களின் காரிலே பொருத்தி வெளியிட்டது. வேகத்துக்கு வேண்டிய மூலப்பொருள், பழைய இரும்புக் கடைவரை வந்து சேர்ந்துவிட்டது. பாரத்தைக் குறைப்பதற்காக மட்காட்டையும் கூரையையும் கழற்றி எறிந்து, எஞ்சினை மட்டும் வலுவாக்கிக்கொண்ட அவ்வண்டிகளுக்கு ஹொட் றொட் என்ற பெயர் நிலைத்தது.

போர் முடிந்து இளைஞர்கள் வீடு திரும்பினர். விமானங்களிலும் கவச வாகனங்களிலும் பழகிய கைகள் அவர்களுடையவை. கையிற் சிறிது பணமும் இருந்தது. வற்றிய ஏரிகளோ நகரத்திலிருந்து நெடுந்தொலைவு. அவற்றிற் சிறந்ததான மூரொக் விமானப்படையின் வசமாயிற்று. எனவே பந்தயம் நகரத்துத் தெருக்களுக்கு இறங்கியது. நள்ளிரவில் ஒழிந்த வீதியொன்றில் இரு வண்டிகள் நிற்கும். இருபுறமும் கூட்டம் சேரும். பொலிசார் வருமுன் எல்லாம் முடிந்துவிடும். சில வேளைகளில் பொலிசார் வருமுன் உயிரும் போய்விடும். பத்திரிகைகள் இவ்விளைஞர்களைக் காலிகள் என்றே எழுதின. பெற்றோர் அஞ்சினர். தண்டம், சிறை, உரிமப் பறிப்பு எனச் சட்டம் தன்னால் இயன்றதைச் செய்தது. ஆனால் தெருவிலிருந்து போ என்று சொன்ன சட்டம், எங்கே போவது என்று சொல்லவில்லை.

அதற்கு விடை காண முயன்றவர்கள் சிலர். 1948 இல் தொடங்கிய ஹொட் றொட் சஞ்சிகையின் ஆசிரியரான வொலி பார்க்ஸ், 1951 இல் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவி, பந்தயத்துக்கு விதிகளும் பாதுகாப்பு முறைகளும் வகுத்தார். அதற்கு ஓராண்டு முன்னரே, சாந்தா அனா என்னும் ஊரின் சிறு விமான நிலையத்தில், ஹார்ட் என்பவர் தம் நண்பர்களுடன் சேர்ந்து ஞாயிறுதோறும் பந்தயம் நடத்தத் தொடங்கினார். எல்லாரும் அவரைப் பாப்பி என்றழைத்தனர். நம் வழக்கிற் சொன்னால் ஹார்ட் அப்பு. நுழைவுக் கட்டணம் 50 சதம். ஓட்டுபவருக்கும் அதுவே, பார்ப்பவருக்கும் அதுவே. அவருடைய மனைவி பெகியும் வண்டியோட்டி ஆடவரை எதிர்த்துப் பந்தயம் ஓடினார். கட்டணம் பெற்று ஒழுங்காக நடத்தப்பட்ட டிராக் பந்தயப் பாதைகளுள் முதலாவதென்று சாந்தா அனாவையே கூறுவர். விமானப் போக்குவரத்துப் பெருகியதால் 1959 இல் அது மூடப்பட்டது. நிலம் தமக்குச் சொந்தமில்லாதவர் நடத்தும் விளையாட்டின் கதி எதுவென்பதை அன்றே அது காட்டியது. அதை எவரும் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

லோங் பீச், வில்மிங்டன் முதலிய துறைமுக ஊர்களில் தெருப் பந்தயத் தொல்லை மிகுந்திருந்தது. அவ்வூர்களின் லயன்ஸ் கழகங்கள் ஒன்பது ஒன்றுகூடின. கழகத்து அங்கத்தவர்கள் கடைக்காரர், வழக்கறிஞர், அலுவலர் போன்ற நடுத்தர வயதினர். வேகத்திலே அவர்களுக்கு மோகம் இருந்ததென்று கருத இடமில்லை. ஊர்ப் பிள்ளைகள் வீதியிற் சாகாதிருக்க வேண்டுமென்பதே அவர்களது நோக்கம். லொஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத் திணைக்களத்துக்குச் சொந்தமான நிலமொன்றைப் பெற்று, தார் இட்டு, வேலி அடைத்து, வரும் வருமானத்தை அறப்பணிகளுக்கு ஆக்குவதென்று முடிவு செய்தனர். இளைஞரைக் குறைகூறும் முதியோர் எந்நாட்டிலும் மலிவு. குறை கூறியபின் காணி தேடிக் கொடுத்தவர்கள் அரியர். இவ்வகையில் அந்த ஒன்பது கழகங்களும் நினைக்கத்தக்கவை.

பாதை திறந்து வைக்கப்பட்ட நாள் 1955 ஒக்டோபர் 9. அந்நாளின் சூழலை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒன்பது நாட்களுக்கு முன், செப்டெம்பர் 30 ஆம் நாள், ஜேம்ஸ் டீன் என்னும் இளம் திரைப்பட நடிகர் தமது பந்தயக் காரை ஓட்டிச் செல்கையில் கலிபோர்னியப் பெருந்தெருவொன்றில் மோதி மாண்டார். அவருக்கு வயது 24. இளைஞர் இருவர் களவெடுத்த கார்களைச் செங்குத்துப் பாறையை நோக்கி ஓட்டி உயிரோடு விளையாடும் காட்சி கொண்ட அவரது படம், அதே ஒக்டோபர் முடிவில் திரைக்கு வந்தது. காரும் இளைஞரும் மரணமும் நாடெங்கும் ஒரே மூச்சிற் பேசப்பட்ட அத்தருணத்திலேதான், வில்மிங்டனில் வேலியிட்ட கால் மைல் ஒன்று வாயில் திறந்தது.

பாதையை நடத்தும் பொறுப்பு மிக்கி தொம்சன் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1928 இற் பிறந்தவர். அப்பொழுது முப்பது வயதும் நிரம்பவில்லை. பத்திரிகை அச்சகத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே பந்தய வண்டிகளை அமைத்தவர். ஓட்டுபவரின் ஆசனத்தைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளிவைத்து, பாரம் முழுவதும் பின்சில்லுகளில் அழுந்துமாறு அவர் 1954 இல் ஒரு வண்டி செய்தார். கவண் கல்லை ஏந்துவது போல் அது ஓட்டுநரை ஏந்தியமையால், அவ்வகை வண்டிக்குக் கவண் என்றே பெயராயிற்று. பின்னாளில், 1960 செப்டெம்பரில், நான்கு எஞ்சின்கள் பூட்டிய வண்டியிலே பொன்வில் உப்புத் தரையில் மணிக்கு 406 மைலுக்கு மேல் ஓடி, 400 மைலைத் தாண்டிய முதல் அமெரிக்கர் என்ற பெயரை ஈட்டினார். திரும்பி ஓட வேண்டிய ஓட்டத்தில் வண்டி பழுதுற்றதால் அது உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. இத்தகைய மனிதர் வாயிலில் நிற்கையில், தெருவிலே துணிச்சல் காட்டிய பையன்கள் அடங்கி நடந்ததில் வியப்பில்லை. ஒழுங்கைப் போதிப்பதற்கு ஒழுக்க நூல் கற்றவரைவிட, அத்தொழிலிலேயே தலைநின்றவர் சிறந்த ஆசிரியர்.

லயன்ஸ் பாதையின் சிறப்புக்கு மனித முயற்சி பாதியென்றால் இயற்கை மறுபாதி. பாதை ஏறத்தாழக் கடல் மட்டத்திற் கிடந்தது. கடல் மட்டத்திற் காற்று அடர்த்தி மிக்கது. எஞ்சின் என்பது காற்றை உண்டு வேலை செய்யும் இயந்திரம், உண்ணும் காற்று அடர்த்தியாயின் எரிபொருளும் கூடுதலாக எரியும், வலுவும் கூடும். மாலையானதும் துறைமுகத்திலிருந்து குளிர்ந்த காற்று வீசும். மலைநாட்டுப் பாதைகளில் மூச்சுத் திணறிய வண்டிகள் இங்கே வேறு வண்டிகளாயின. ஆகவே, நாட்டின் மறுகோடியிலிருந்தும் ஓட்டுநர் தம் வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்தனர். அவர்களுக்குள் அதன் பெயர் கடற்கரை என்பதே. கடற்கரையில் என்ன நேரம் ஓடினாய் என்று ஒருவர் கேட்டால், குளிக்கப் போனதைப் பற்றிக் கேட்கவில்லை என்பது யாவருக்கும் தெரியும்.

அங்குச் சென்றோரின் நினைவில் முதலில் நிற்பது காட்சியன்று, ஒலியும் மணமுமே. பெற்றோலை விட்டு நைட்ரோமீதேன் என்னும் திரவத்தை எரித்த வண்டிகள் புறப்படும்போது, ஒலி காதுக்குள் நுழைவதன் முன் நெஞ்சிலே இடித்தது. புகை கண்ணை எரித்தது. மூக்கில் நீர் வடிந்தது. எனினும் வேலியோரத்தை விட்டு எவரும் அகலவில்லை. இரவுப் பந்தயங்களில் விளக்கொளியின் கீழ், எஞ்சினின் இருபுறத்துக் குழாய்களிலிருந்தும் தீச்சுடர்கள் மேலெழுந்து நிற்பது தெரியும். பின்சில்லுகளின் வழவழப்பான அகன்ற ரயர்கள் தார்த் தரையை நெய்த்தோலாகத் தேய்க்க, வெண்புகை சூழும். அதனைக் கிழித்துக்கொண்டு வண்டி பாயும். முடிவில் குடை விரிந்தாற்போல் வேகத்தடுப்புத் துணி விரியும். பின்னர் அமைதி. அந்த அமைதியில் எல்லாரும் ஒலிபெருக்கியை நோக்கிக் காதைக் கொடுத்து நேரத்தை எதிர்பார்த்தனர்.

வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் வெளியிலே பார்வையாளரும் நடமாடலாம். நேற்றுவரை பெயராக மட்டும் அறிந்திருந்த வீரன் எண்ணெய்க் கையோடு நிலத்திற் குந்தியிருந்து சுரை முறுக்குவதை, பத்து வயதுச் சிறுவன் ஓரடி தூரத்தில் நின்று பார்க்க முடிந்தது. கேள்வி கேட்டால் பதில் கிடைத்தது. தன் தாயின் காரை ஓட்டிவந்து அதற்குரிய வகுப்பிலே பந்தயத்திற் சேரவும் ஒருவனால் இயன்றது. ஆடுவோர் வேறு, பார்ப்போர் வேறு என்று மதில் எழுந்துவிட்ட பிற்கால விளையாட்டுக்களை நோக்குமிடத்து, அக்காலத்தின் பெரும் பேறு இதுவே எனலாம்.

மேலே கூறிய நைட்ரோமீதேனைப் பற்றிச் சிறிது விளக்குதல் தகும். ஒரு பங்கு பெற்றோல் எரிவதற்கு ஏறக்குறையப் பதினைந்து பங்கு காற்று வேண்டும். நைட்ரோமீதேனோ தன்னுள்ளேயே ஒட்சிசனைத் தாங்கி நிற்பது. அதற்கு இரண்டு பங்கு காற்றும் வேண்டியதில்லை. அதே எஞ்சினுள் அதே காற்றோடு பல மடங்கு எரிபொருளைச் செலுத்தலாம் என்பது இதன் பொருள். வலுவும் அபாயமும் சேர்ந்தே பெருகும். 1957 பெப்ரவரியில் லயன்ஸ் பாதையிலே எமெரி குக் என்பவர் கால் மைல் முடிவில் மணிக்கு 166.97 மைல் வேகத்தை எட்டியபோது, பாதை நடத்துநர்கள் மகிழவில்லை, கலங்கினர். அந்த வேகத்துக்கு ஏற்ற ரயரும் இல்லை, தடுப்பும் இல்லை, நிறுத்தப் போதிய தூரமும் இல்லை. ஹார்ட் அப்பு முதலானோர் அவ்வெரிபொருளைத் தடை செய்தனர். தேசியச் சங்கமும் தடை விதித்தது. பெற்றோல் மட்டுமே என்ற அத்தடை 1963 இல் தளரத் தொடங்கியது. அதற்கிடையே எரிபொருள் வண்டிக்காரர் தடையற்ற பாதைகளைத் தேடி அலைந்தனர். தடையினால் உயிர்கள் தப்பியிருக்கலாம். ஆனால் ஆசை தப்பிப் போகவில்லை.

1960 ஆம் ஆண்டுகளே லயன்ஸின் பொற்காலம். கொடியசைப்பவர் துள்ளியெழுந்து தொடக்கிவைத்த முறை மாறி, வர்ண விளக்குகள் மேலிருந்து கீழாக எரியும் கம்பம் 1963 தொடக்கம் பரவியது. அக்காலத்திலே தெற்குக் கலிபோர்னியாவின் வானொலிகளில் கார்ப் பந்தயப் பாடல்கள் ஓயாமல் ஒலித்தன. 1964 ஓகஸ்டில், நாட்டின் கிழக்குக் கரையிலே, டொன் கார்லிட்ஸ் கால் மைலில் 200 மைல் வேகத்தைத் தாண்டினார். அதே ஆண்டில் லயன்ஸ் பாதையில் நிகழ்ந்த ஒரு மோதல், கதைபோல் வளர்ந்தது. டொன் புருடோம் என்ற இளைஞருக்குப் பாம்பு என்று பட்டப் பெயர். தந்தையின் கடையிற் காருக்கு வர்ணம் பூசிப் பழகியவர். வண்டியில் அமர்ந்தால் வெற்றி. அவரை வெல்ல எழுந்தவர் லோங் பீச்சைச் சேர்ந்த டொம் மக்யூவன். பாம்பை வெல்வது எது? கீரியன்றோ! கீரி என்ற பெயரை அவர் ஏற்றார். லயன்ஸ் பாதையிலே பாம்பை வென்றும் காட்டினார். கீரியும் பாம்பும் என்ற நம் பழைய உவமை கலிபோர்னியாவில் விளம்பரப் பலகை ஏறியது. 1970 ஆம் ஆண்டில் விளையாட்டுப் பொருள் நிறுவனமான மட்டெல், இருவருக்கும் பொருளுதவி செய்து, அவர்களுடைய வண்டிகளின் சிற்றுருவங்களை உலகமெங்கும் விற்றது. வீதிக் காலிகள் என்று ஏசப்பட்ட கூட்டத்தின் வாரிசுகள் பதினைந்து ஆண்டுகளுக்குள் குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டிக்குள் புகுந்துவிட்டனர்.

இதற்கிடையில், சாந்தா அனாவை இழந்த ஹார்ட் அப்பு 1965 அளவில் தொம்சனுக்குப் பின் லயன்ஸின் பொறுப்பை ஏற்றார். அவர் கீழ் பாதை செழித்தது. ஆயினும் பாதையைச் சுற்றி ஊரும் செழித்தது. வெளியாய்க் கிடந்த இடங்களில் வீடுகள் எழுந்தன. பகல் முழுவதும் ஆலையிலும் கப்பற்றுறையிலும் உழைத்தோர் இரவிலே உறங்க விரும்பினர். அவர்களின் முறைப்பாட்டை அற்பமென்று தள்ள முடியாது. நைட்ரோமீதேன் வண்டியின் ஒலி தாலாட்டன்று. மற்றொரு காரணம் இதனினும் வலியது. 1956 ஏப்பிரலில், லயன்ஸ் திறந்து அரையாண்டு கழிந்தபின், அமெரிக்காவின் கிழக்கே நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு ஒரு கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிச் சென்றது. கொள்கலன் வணிகத்தின் தொடக்கம் அது. அன்று அதனை வில்மிங்டனில் எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிகளை அடுக்குவதற்கு நிலம் வேண்டும், சமதரையான, துறைமுகத்தருகிலான, பெரும் பரப்பு வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு துறைமுகத் திணைக்களத்தின் கண்ணுக்குப் பந்தய நிலத்தின் பெறுமதி உயர்ந்தது. குத்தகைக் காணியில் நட்ட தென்னை எவ்வளவு காய்த்தாலும் நட்டவனுக்கு நிழல் மட்டுமே சொந்தம்.

பாதையின் வாழ்வு முடிவதற்கு இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு முன், அங்கு நிகழ்ந்த ஒன்று அவ்விளையாட்டின் வடிவத்தையே மாற்றியது.

புளோரிடாவைச் சேர்ந்த டொன் கார்லிட்ஸ் கலிபோர்னியருக்கு அயலவர். அவரது மாநிலத்தின் சேற்று நிலங்களைக் குறித்துத் தம் வண்டிகளுக்குச் சதுப்பு எலி என்று பெயரிட்டு, எண் கொடுத்து வந்தார். 1959 இலேயே எஞ்சின் வெடித்துக் கைகள் வெந்து, மீண்டும் ஓட வந்தவர் அவர். 1970 மார்ச் 8 ஆம் நாள், லயன்ஸ் பாதையிலே, பதின்மூன்றாம் சதுப்பு எலியிற் கோட்டருகே நின்றார். வண்டி அவரே வடிவமைத்த இரு வேகப் பல்லிணைப் பெட்டியைக் கொண்டது. கவண் வகை வண்டியில் எஞ்சின் ஓட்டுநரின் முன்னால். பல்லிணைப் பெட்டி அவருடைய இரு பாதங்களுக்கு இடையில். விளக்கு எரிந்தது. காலை அழுத்தினார். பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்து, முன்பாதி தனியே உருண்டோடியது. பின்பாதியிற் கட்டுண்ட நிலையில் கார்லிட்ஸ் கிடந்தார். அவருடைய வலப் பாதத்தின் ஒரு பகுதி போய்விட்டது. சிதறிய உலோகத்தாற் பார்வையாளர் ஒருவரும் கடுமையாகக் காயமுற்றார்.

லோங் பீச் மருத்துவமனையிற் கிடந்த நாட்களிலே, அவர் சிந்தித்தது ஒன்றே. வெடிக்கக்கூடியவை யாவும் மனிதனுக்கு முன்னால் இருக்கின்றன. தீயும் எண்ணெயும் காற்றோடு வந்து அவன் முகத்தில் அறைகின்றன. அவனது கால்கள் வெடிகுண்டை அணைத்திருக்கின்றன. எஞ்சினைப் பின்னால் வைத்தால் என்ன? எண்ணம் புதியதன்று. முன்னரும் பலர் அவ்வாறு செய்து பார்த்தனர். அவ்வண்டிகள் நேராக ஓட மறுத்தன. முன்னே அமர்ந்த ஓட்டுநர் வண்டி விலகுவதை உணர்ந்து திருப்புமுன் அது அளவுக்கு மீறித் திரும்பிவிட்டது. கார்லிட்சும் அவரது துணைவர்களும் மாதக்கணக்கில் அதனோடு போராடினர். இறுதியிற் கண்ட மருந்து மிகச் சிறியது: சுக்கானைச் சற்று மந்தமாக்கினர். கை எவ்வளவு திருப்பினாலும் சில்லு சிறிதே திரும்புமாறு பற்சக்கரத்தின் விகிதத்தை மாற்றினர். வண்டி அம்புபோல் ஓடியது.

1971 தொடக்கத்தில் அந்தப் பதினான்காம் சதுப்பு எலியை அவர் கொண்டுவந்து பந்தயத்தில் இறக்கிய இடம் எது? தம் பாதத்தை இழந்த அதே லயன்ஸ் பாதை. மனவுறுதி என்பதற்கு இதனைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை. பார்த்தவர்களிற் பலர் அந்த வண்டியை விநோதப் பொருளாகவே நோக்கினர். அன்று இறுதிச் சுற்றுவரை சென்று தோற்றார். அடுத்து, போமோனாவில் நடந்த குளிர்காலத் தேசியப் போட்டியில் வென்றார். அதன்பின் நகைத்தவர்கள் தம் கொட்டகைகளுக்குச் சென்று, தம் கவண் வண்டிகளை வெட்டத் தொடங்கினர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முன்னெஞ்சின் வண்டி வழக்கொழிந்தது. எத்தனை ஓட்டுநர்கள் இதனால் உயிரோடு முதுமையடைந்தனர் என்பதை எண்ணிக் கூற இயலாது. நடவாத மரணங்களுக்குப் பதிவேடு இல்லை.

ஆனால் லயன்ஸ் பாதைக்குக் காலம் நெருங்கிவிட்டது. நிலத்தைத் திரும்பப் பெறத் துறைமுகத்தார் முடிவு செய்தனர். 1972 டிசெம்பர் 2 ஆம் நாள் கடைசிப் பந்தயம் என்று அறிவிக்கப்பட்டது. அதன் பெயரே கடைசிப் பந்தயம் என்பதுதான். அன்றிரவு அலையலையாய் வந்த கூட்டத்தை வேலி தாங்கவில்லை. எரிபொருள் வண்டிகளின் உயர் பிரிவில் கார்ல் ஒல்சன் வென்றார். ஆனால் அன்று வந்தவர்கள் வெற்றியைப் பார்க்க வந்தவர்களல்லர், விடைகொடுக்க வந்தவர்கள். கையில் அகப்பட்ட பலகைகளையும், பாதையிலிருந்து பெயர்ந்த தார்த் துண்டுகளையும் நினைவுப் பொருளாக எடுத்துச் சென்றனர். இறந்தவர் வீட்டிலிருந்து ஏதேனும் ஒரு பொருளை எடுத்து வைத்துக்கொள்ளும் பேரப்பிள்ளைகளைப் போல் அவர்கள் நடந்துகொண்டனர்.

மற்றப் பாதைகளும் அவ்வழியே சென்றன. சான் பெர்னாண்டோப் பாதை 1969 இலேயே போயிற்று; ஏர்விண்டேல் 1977 இல்; ஒரேஞ்ச் கவுண்டிப் பாதை 1983 இல். லொஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் நிலத்தின் விலை ஏற ஏறப் பந்தயப் பாதைகள் அருகின. பாதைகள் அருகியபோது பந்தயம் அருகியதா? இல்லை. அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே, நள்ளிரவு வீதிகளுக்கே, திரும்பியது.

இதைத் தெளிவாக உணர்ந்த ஒருவர் பெரிய வில்லி ரொபின்சன். ஆறரை அடி உயரமும் அதற்கேற்ற அகலமும் கொண்ட கறுப்பினத்தவர், வியட்நாமிற் போர்புரிந்தவர். 1965 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சல்ஸின் வொட்ஸ் பகுதி கலவரத்தில் எரிந்தது. அதன் பின்னர், கறுப்பர், வெள்ளையர், மெக்சிக்கர், ஆசியர் என்று பிரிந்து கிடந்த இளைஞரை, காரின் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைப் பற்றிப் பேச வைத்தே ஒன்று சேர்க்கலாம் எனக் கண்டு, தெருப் பந்தயக்காரர் சகோதரத்துவம் என்னும் அமைப்பை அவர் வளர்த்தார். லயன்ஸ் மூடப்பட்டு இரண்டாண்டு நிறையுமுன், 1974 இல், அதே துறைமுகத்தின் டெர்மினல் தீவிலே, நகராட்சியின் இணக்கத்துடன் ஒரு பந்தயப் பாதையைத் திறந்தார். அதுவும் துறைமுகத்து நிலமே. மூடுவதும் திறப்பதுமாக இருபது ஆண்டுகள் இழுபட்டு, 1990 ஆம் ஆண்டுகளின் நடுவில் அதுவும் முடிந்தது. வில்லி 2012 இல் மறையும்வரை இன்னொரு பாதைக்காக மன்றாடிக்கொண்டே இருந்தார்.

லயன்ஸ் இருந்த இடத்திலிருந்து சில மைல் தொலைவில், ரான்சோ டொமிங்குவெஸ் என்னும் ஊரிலே, அப்பாதையின் பெயரைத் தாங்கிய அரும்பொருட் காட்சிச்சாலை ஒன்று பிற்காலத்தில் எழுந்தது. இளமையில் லயன்ஸிலே வண்டியோட்டிய ஒருவர் தம் பொருளைச் செலவிட்டு அதனை அமைத்தார். பெரிய மண்டபத்தினுள்ளே பழைய பந்தயப் பாதையின் தொடக்க எல்லை, அளவும் தோற்றமும் மாறாமல் மீண்டும் ஆக்கப்பட்டிருக்கிறது. விளக்குக் கம்பம் நிற்கிறது. கோட்டின் பின்னால் இரண்டு வண்டிகள், முன்சில்லுகள் எல்லையைத் தொட நிற்கின்றன. நரைத்த தலையினர் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கு வருகின்றனர். வேலியின் எந்தப் பக்கத்தில் தாம் நின்றனர் என்பதைக் காட்டுகின்றனர்.